யாழ்ப்பாணத்தில் இருந்து ரொறன்ரோ: தூரம் எவ்வளவு, நேரம் எவ்வளவு?

இணையத்தில் உள்ள எந்தத் தூரக் கணிப்பானிலும் யாழ்ப்பாணம், ரொறன்ரோ என்று இரண்டு பெயரையும் தட்டிப் பாருங்கள். 13,700 கிலோமீற்றரை ஒட்டி ஒரு எண் வரும். பக்கத்திலேயே பறப்பு நேரம் பதினாறரை, பதினேழு மணித்தியாலம் என்று போட்டிருக்கும். அதை நம்பிக் கணக்குப் பார்த்தால், விடிய வெளிக்கிடுகிறவர் கனடா நேரத்தில் அன்று மத்தியானமே போய் இறங்கிவிட வேண்டும். அப்படி யாரும் போய் இறங்கியதில்லை. கணிப்பான் பொய் சொல்லவில்லை. நாம் கேட்க நினைத்தது ஒன்று, அது பதில் சொன்ன கேள்வி வேறொன்று.

இதில் மூன்று கணக்குகள் இருக்கின்றன. இரண்டு ஊருக்கும் இடையிலான தூரம், விமானம் ஓடித் தீர்க்கிற நேரம், வீட்டு வாசலில் இருந்து மற்ற வீட்டு வாசல் வரை ஆகிற நேரம். முதலாவது எந்நாளும் மாறாது. இரண்டாவது காற்றைப் பொறுத்துக் கொஞ்சம் அசையும். மூன்றாவதுதான் ஆளையும் ரிக்கற்றையும் பொறுத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் கூட வித்தியாசப்படும்.

தூரத்தைக் கையால் அளக்கலாம்

யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கிற பலாலியும் சென்னையும் ஏறத்தாழ ஒரே நெடுங்கோட்டில், 80 பாகை கிழக்கில் இருக்கின்றன. பலாலியின் அகலக்கோடு 9.79 பாகை வடக்கு, சென்னை விமான நிலையம் 12.99. கழித்தால் 3.20 பாகை. அகலக்கோட்டில் ஒரு பாகை என்பது ஏறத்தாழ 111 கிலோமீற்றர். பெருக்கினால் 355. பலாலிக்கும் சென்னைக்கும் இடையிலான வான்வழித் தூரம் அவ்வளவுதான்.

நேர் வடக்கு, நேர் தெற்கு என்றால் இப்படிப் பெருக்கியே முடித்துவிடலாம். கிழக்கு மேற்காகப் போகும்போது சிக்கல் வருகிறது. நெடுங்கோடுகள் துருவத்தை நோக்கிப் போகப்போக ஒன்றையொன்று நெருங்கும். யாழ்ப்பாணத்தில் ஒரு பாகை நெடுங்கோட்டின் அகலம் ஏறத்தாழ 110 கிலோமீற்றர். ரொறன்ரோவில் அதே ஒரு பாகை 80 கிலோமீற்றர்தான். சுவரில் மாட்டுகிற தட்டையான உலகப்படம் இந்த நெருக்கத்தைக் காட்டாது. வடக்கே உள்ள நாடுகளை இழுத்து விரித்துத்தான் காட்டும். அதனால் அந்தப் படத்தில் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டால், அரேபியா, வட ஆபிரிக்கா, அத்திலாந்திக் என்று மேற்கே ஓடுகிற ஒரு பாதை கிடைக்கும். அதன் நீளம் ஏறத்தாழ 15,950 கிலோமீற்றர். உண்மையான மிகக் குறுகிய பாதையைவிட 2,200 கிலோமீற்றர் கூட.

குறுகிய பாதையைக் கண்ணால் பார்க்க ஒரு பூகோள உருண்டையும் தையல் நூலும் போதும். பாடசாலைகளில் இருக்கும் 30 சென்ரிமீற்றர் விட்டமுள்ள உருண்டை என்றால் அதன் சுற்றளவு 94 சென்ரிமீற்றர். பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கிலோமீற்றர். ஆக, நூலில் ஒரு சென்ரிமீற்றர் என்பது நிலத்தில் 425 கிலோமீற்றர். நூலின் ஒரு நுனியை யாழ்ப்பாணத்தில் பிடித்து, மற்ற நுனியை ரொறன்ரோவில் வைத்து, தளர்வு இல்லாமல் இழுங்கள். இழுக்க இழுக்க நூல் தானாக வடக்கே வழுக்கிப் போய் ஓரிடத்தில் நிற்கும். அளந்தால் 32 சென்ரிமீற்றரை ஒட்டி வரும். 425ஆல் பெருக்கினால் 13,600. கணிப்பான் சொன்னதற்குக் கிட்டத்தான். நூல் தளர்ந்திருந்தால் கூடக் காட்டும், குறைத்துக் காட்டாது.

நூல் எந்தெந்த நாட்டுக்கு மேலால் கிடக்கிறது என்று ஒருக்கால் பாருங்கள். பலாலியில் இருந்து அது மேற்கே போகவில்லை. கிட்டத்தட்ட நேர் வடக்கே, 17 பாகை மட்டும் மேற்கே சரிந்து கிளம்புகிறது. ராஜஸ்தான், ஆப்கானிஸ்தானின் வட பகுதி, கசகஸ்தான், ரஷ்யாவின் ஆர்க்காங்கெல்ஸ்க் பக்கம், நோர்வேயின் வட விளிம்பு என்று ஏறி, 73 பாகை வடக்கு வரை போகிறது. பிறகு கிறீன்லாந்தின் பனிப்பாளத்தைக் குறுக்கே கடந்து கியூபெக் வழியாக ரொறன்ரோவில் இறங்குகிறது. இதைத்தான் பெருவட்டப் பாதை என்பார்கள். பூமியை நடுமையத்தோடு சேர்த்து இரண்டு சம பாதியாக வெட்டினால் வெளிப்பரப்பில் விழுகிற வட்டத்தின் ஒரு துண்டு அது. உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே அதைவிடக் குறுகிய வழி இல்லை.

அளவை பற்றி ஒரு எச்சரிக்கை. ஒரு தளத்தில் 13,700, இன்னொன்றில் 8,500, வேறொன்றில் 7,400 என்று பார்த்துக் குழம்பவேண்டாம். முதலாவது கிலோமீற்றர், இரண்டாவது சாதாரண மைல், மூன்றாவது விமானிகளும் மாலுமிகளும் பாவிக்கிற கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீற்றர்.

விமானம் எவ்வளவு நேரம் எடுக்கும்

பெரிய ஜெற் விமானங்கள் உயரத்தில் மணிக்கு 900 கிலோமீற்றரை ஒட்டிப் பறக்கும். ஆனால் தூரத்தை 900ஆல் வகுத்தால் வருகிற விடை எப்போதும் குறைவாகத்தான் இருக்கும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது, இறங்குவது, இறங்குமுன் வரிசையில் சுற்றுவது எல்லாம் மெதுவாக நடக்கிற வேலைகள். ரிக்கற்றில் போடுகிற நேரமும் சக்கரம் நிலத்தை விட்ட நேரம் இல்லை. வாசலில் இருந்து விமானம் அசைகிற நேரத்தில் தொடங்கி, மற்ற விமான நிலையத்து வாசலில் போய் நிற்கிற நேரம் வரையான கணக்கு அது.

வீட்டில் இருந்து கணிக்க ஒரு சுலபமான வழி: தூரத்தை 850ஆல் வகுத்து, அரை மணித்தியாலத்தைக் கூட்டுங்கள். கொழும்புக்குப் பக்கத்தில் உள்ள கட்டுநாயக்க விமான நிலையத்தில் இருந்து லண்டன் 8,710 கிலோமீற்றர். வகுத்தால் பத்தேகால், அரையைக் கூட்டினால் பத்தேமுக்கால். நேரடி விமானத்தின் அட்டவணையிலும் பதினொரு மணித்தியாலத்தை ஒட்டித்தான் இருக்கும். யாழ்ப்பாணம் – ரொறன்ரோவுக்குக் கணிப்பான் காட்டுகிற பதினாறரை, பதினேழும் இப்படி வகுத்து வந்ததுதான். அந்த வழியில் ஒரு விமானம் ஓடுகிறதா இல்லையா என்று அது பார்ப்பதில்லை.

சின்ன விமானத்துக்கு இந்தச் சூத்திரம் சரிவராது. பலாலி – சென்னை வழியில் பறக்கிற ஏ.ரி.ஆர். 72 விசிறி விமானம். மணிக்கு 500 கிலோமீற்றர்தான் அதன் ஓட்டம். 355ஐ 500ஆல் வகுத்தால் 43 நிமிடம், அரை மணித்தியாலத்தைக் கூட்டினால் ஒன்றேகால். குறுந்தூரப் பறப்பில் இந்த அரை மணித்தியாலம் எவ்வளவு பெரிய பங்கு என்பது இங்கே தெரியும். ஜெற் விமானம் விட்டாலும் இருபது நிமிடம்கூட மிஞ்சாது. அதோடு பலாலி ஓடுபாதை ஏறத்தாழ 1,400 மீற்றர். கட்டுநாயக்கவில் மூன்று கிலோமீற்றருக்கு மேல். எரிபொருளும் ஆட்களும் நிறைந்த பெரிய ஜெற் எழும்ப பலாலியின் நீளம் காணாது.

போகும்போது ஒரு நேரம், வரும்போது வேறு நேரம்

ரொறன்ரோவில் இருந்து லண்டனுக்கு ஏழு மணித்தியாலம், லண்டனில் இருந்து ரொறன்ரோவுக்கு எட்டு. பாதை ஒன்றுதான், 5,700 கிலோமீற்றர். வித்தியாசம் காற்றால் வருகிறது. ஒன்பது முதல் பன்னிரண்டு கிலோமீற்றர் உயரத்தில், மேற்கில் இருந்து கிழக்காக ஒரு ஒடுங்கிய காற்றோட்டம் ஓடுகிறது. மணிக்கு 100, 150 கிலோமீற்றர் சாதாரணம். மாரி காலத்தில் 300ஐயும் தாண்டும். விமானம் பறக்கிற உயரமும் அதுதான்.

விமானத்தின் வேகம் காற்றைச் சார்ந்தது. வழிமுழுக்க மணிக்கு 100 கிலோமீற்றர் எதிர்க்காற்று என்று வைத்துக்கொள்வோம். 900இல் போகிற விமானம் நிலத்தின் மேல் 800இல்தான் நகரும். 5,700 கிலோமீற்றருக்கு ஏழு மணித்தியாலமும் எட்டு நிமிடமும் பிடிக்கும். திரும்பி வரும்போது அதே காற்று தள்ளிவிட்டால் 1,000. ஐந்து மணித்தியாலமும் நாற்பத்திரண்டு நிமிடமும். இரண்டையும் கூட்டினால் பன்னிரண்டு மணித்தியாலம் ஐம்பது நிமிடம். காற்றே இல்லாவிட்டால் பன்னிரண்டு நாற்பது. போகும்போது இழந்ததைக் காற்று வரும்போது முழுதாகத் திருப்பித் தராது. மெதுவாகப் போகிற பக்கத்தில் காற்றுக்குள் நிற்கிற நேரமும் கூட என்பதுதான் காரணம்.

பூமி கிழக்குப் பக்கமாகச் சுழல்கிறது, அப்படியென்றால் மேற்கே போகிற விமானத்தை நோக்கி ரொறன்ரோ தானே வரவேண்டாமா என்று கெட்டிக்காரப் பிள்ளைகள் கேட்பார்கள். நல்ல கேள்வி. ஓடுபாதையில் நிற்கிற விமானமும் அதைச் சுற்றியுள்ள காற்றும் ஏற்கெனவே பூமியோடு சேர்ந்து சுழன்றுகொண்டுதான் இருக்கின்றன. மேலே எழும்பியதும் அந்தச் சுழற்சி கழன்று போவதில்லை. சுழற்சி உதவுவது அந்த மேலைக் காற்றோட்டத்தை உருவாக்குவதில் மட்டும். அதுவும் மேற்கே போகிறவருக்குப் பாதகமாகவே முடிகிறது.

எந்த வழி சுற்று?

இலங்கையில் இருந்து ரொறன்ரோவுக்கு நேரடி விமானம் இல்லை. இயந்திரத்தால் முடியாத தூரம் என்று நினைக்கவேண்டாம். சிங்கப்பூரில் இருந்து நியூயோர்க்குக்கு 15,300 கிலோமீற்றரை ஒரே மூச்சில் பறக்கிறார்கள். ஒவ்வொரு நாளும் ஆசனம் நிறையுமா என்பதுதான் கணக்கு. ஆகவே நடுவில் ஓரிடத்தில் இறங்கித்தான் ஆகவேண்டும்.

டுபாய் பெரிய சுற்று, லண்டன்தான் நேர் வழி என்று ஒரு பேச்சு இருக்கிறது. அளந்து பார்க்கலாம். கட்டுநாயக்க – ரொறன்ரோ பெருவட்டத் தூரம் 14,000 கிலோமீற்றர். டுபாய் வழியாக 3,290உம் 11,080உம், கூட்டினால் 14,370. லண்டன் வழியாக 8,710உம் 5,710உம், 14,420. இஸ்தான்புல் வழியாக 6,300உம் 8,170உம், 14,470. மூன்றுமே நேர்வழியைவிட 370 முதல் 470 கிலோமீற்றர் வரைதான் கூட. அரை மணித்தியாலப் பறப்பு. மூன்றுக்கும் இடையில் உள்ள வித்தியாசம் ஏழெட்டு நிமிடம். தூரத்தைப் பார்த்து வழி தெரிவு செய்வதில் பிரயோசனம் இல்லை.

விமானங்கள் நூல் பிடித்தாற்போலப் பறப்பதும் இல்லை. 2022 பெப்ரவரியில் இருந்து உக்ரேனின் வான்பரப்பு பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டிருக்கிறது. கனடா, பிரித்தானியா, ஐரோப்பிய ஒன்றிய விமானங்கள் ரஷ்யாவுக்கு மேலால் போக முடியாது. அத்திலாந்திக்கைக் கடக்கிற பாதைகளையும் அன்றன்றைய காற்றைப் பார்த்து ஒவ்வொரு நாளும் புதிதாகப் போடுகிறார்கள். ஒரே விமானம் ஒரு நாள் கிறீன்லாந்தைத் தொட்டும் மறுநாள் நன்றாகத் தெற்கே விலகியும் போவது அதனால்தான்.

ரிக்கற்றில் உள்ள நேரத்தை வாசிப்பது

ரிக்கற்றில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் மணி, இறங்கும் நேரம் இறங்கும் ஊரின் மணி. இது தெரியாமல் கழித்துப் பார்த்தால் விடை பிழைக்கும். இரண்டையும் ஒரே ஊரின் மணிக்கு மாற்றிவிட்டுக் கழிக்கவேண்டும். இலங்கை கிறீன்விச் நேரத்தைவிட ஐந்தரை மணித்தியாலம் முன்னுக்கு. டுபாய் நான்கு முன்னுக்கு. ரொறன்ரோ மாரியில் ஐந்து பின்னுக்கு, கோடையில் நான்கு பின்னுக்கு. அதனால் நமக்கும் ரொறன்ரோவுக்கும் மாரியில் பத்தரை, கோடையில் ஒன்பதரை.

ஒரு மாதிரி ரிக்கற் (நேரங்கள் விளக்கத்துக்காக எடுத்தவை, கோடை காலம்): கட்டுநாயக்க காலை 10:05, டுபாய் பகல் 12:55. அடுத்தது டுபாய் அதிகாலை 03:30, ரொறன்ரோ காலை 09:30.

முதல் பறப்பு: டுபாய் 12:55 என்பது இலங்கையில் 14:25. அதில் 10:05 போனால் நான்கு மணித்தியாலம் இருபது நிமிடம். இரண்டாவது: கோடையில் டுபாய்க்கும் ரொறன்ரோவுக்கும் எட்டு மணித்தியால வித்தியாசம். ரொறன்ரோ 09:30 என்பது டுபாயில் 17:30. அதில் 03:30 போனால் பதினான்கு. ஆறு மணித்தியாலத்தில் போய்விடுகிறது என்று தோன்றியது பதினான்காக மாறிவிட்டது. இப்போது நடுவில் பாருங்கள். பகல் 12:55க்கு இறங்கி அடுத்த நாள் 03:30 வரை பதினாலரை மணித்தியாலம் டுபாயில் கிடக்கவேண்டும். பறப்பு 18:20, காத்திருப்பு 14:35, மொத்தம் 32:55. விலை மலிவாகத் தெரிகிற ரிக்கற்றுகளில் பெரும்பாலும் மலிவு இந்த இடைவெளியில்தான் ஒளிந்திருக்கும்.

இதோடு வீட்டுக் கணக்கைச் சேர்க்கவேண்டும். யாழ்ப்பாணத்தில் இருந்து கட்டுநாயக்க, வீதியால் வான் வண்டியில் ஏழெட்டு மணித்தியாலம். நேர்கோட்டில் 280 கிலோமீற்றர் வராது, வீதியில் 350ஐத் தாண்டும். அதுவும் ரொறன்ரோவுக்கு எதிர்த்திசையில். விமான நிலையத்தில் மூன்று மணித்தியாலம் முன்னதாக நிற்கவேண்டும். ரொறன்ரோவில் குடிவரவு வரிசை, பொதி எடுப்பது, நகரின் கிழக்கே உள்ள ஸ்காபரோவுக்கு 401 நெடுஞ்சாலையில் ஓட்டம், இரண்டு மணித்தியாலம். ஆக எட்டும் மூன்றும் இரண்டும் பதின்மூன்று. மேலே உள்ள ரிக்கற்றுக்கு மொத்தம் 46 மணித்தியாலம். டுபாயில் இரண்டரை மணித்தியாலம் மட்டும் நிற்கிற ரிக்கற் என்றால் 34. கணிப்பான் சொன்ன பதினேழின் இரண்டு மடங்கு அது. அதைவிடக் குறைப்பது கடினம்.

நிற்கும் நேரத்தை ஒரேயடியாகக் குறைக்கவும் கூடாது. ஒன்றேகால் மணித்தியால இடைவெளி விற்பனைக்கு இருக்கும். முதல் விமானம் நாற்பது நிமிடம் பிந்தினால் இரண்டாவது போய்விடும். முழுப்பயணமும் ஒரே பதிவில் இருந்தால் விமான நிறுவனம் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடும். தனித்தனியாக வாங்கிய இரண்டு ரிக்கற் என்றால் இரண்டாவதின் காசு போனதுதான். இரண்டு முதல் நான்கு மணித்தியாலம் நல்ல இடைவெளி.

பலாலி – சென்னை வழி

கட்டுநாயக்கவுக்கான எட்டு மணித்தியால வான் வண்டி ஓட்டம் மிச்சமாகும் என்பதால் இந்த வழி ஆசை காட்டும். சென்னையில் இருந்து லண்டன் 8,230 கிலோமீற்றர். கட்டுநாயக்கவில் இருந்து போவதைவிடக் குறைவுதான். ஆனால் இரண்டு ரிக்கற்றும் தனித்தனியாக இருந்தால் சென்னையில் பொதியை எடுத்துத் திரும்பப் போடவேண்டும். அதற்கு இந்தியாவுக்குள் நுழையவேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர் அதற்கு விசா எடுத்திருக்கவேண்டும்; இல்லாவிட்டால் பலாலியிலேயே ஏற்றமாட்டார்கள். சின்ன விமானத்தில் அனுமதிக்கிற பொதி நிறை கனடா விமானத்தின் அளவைவிடக் குறைவாக இருக்கும். பனங்கட்டி, மிளகாய்த்தூள், ஒடியல் என்று கட்டுகிற பொதிக்கு மேலதிகக் காசு அங்கேதான் வரும். விமானம் ரத்தானால் அடுத்தது எப்போது என்றும் பார்த்து வையுங்கள். சென்னையில் ஓர் இரவு தங்கிப் போகிற திட்டம் என்றால் நல்ல வழி. நான்கு மணித்தியாலத்தில் மாறிவிடலாம் என்ற திட்டம் என்றால் வேண்டாம்.

திகதியில் பிழைக்கிற இடங்கள்

ரிக்கற்றில் «15ஆம் திகதி 00:35» என்று இருந்தால், அது 14ஆம் திகதி இரவு நித்திரை கொள்ளாமல் ஏறவேண்டிய விமானம். 15ஆம் திகதி இரவு போய் நிற்கிறவர்கள் வருடாவருடம் இருக்கிறார்கள். மூன்று மணித்தியாலம் முன்னதாக 14ஆம் திகதி 21:35க்கு விமான நிலையத்தில் நிற்பதென்றால், யாழ்ப்பாணத்தில் வானில் ஏறுவது அன்று நண்பகல் 12 மணிக்கு. ஒன்றரை மணித்தியாலம் கைவசம் மிச்சம் இருக்கும். அதுவும் வேண்டும்.

கோடை நேரம் மாறுகிற நாட்களும் கவனிக்கவேண்டியவை. ரொறன்ரோ மார்ச் இரண்டாவது ஞாயிறு மணியை முன்னே தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறு பின்னே இழுக்கும். லண்டன் மார்ச் கடைசி ஞாயிறும் ஒக்ரோபர் கடைசி ஞாயிறும். இடைப்பட்ட நாட்களில், மார்ச்சில் இரண்டு மூன்று கிழமையும் ஒக்ரோபர் கடைசியில் ஒரு கிழமையும், லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் வழக்கமான ஐந்துக்குப் பதில் நான்கு மணித்தியாலம்தான் வித்தியாசம். இலங்கையும் டுபாயும் மணியைத் தொடுவதில்லை. சில மாதங்களுக்கு முன்பே வாங்கிய ரிக்கற் என்றால், பயணத்துக்கு ஒரு கிழமை முன்னர் நேரத்தைத் திரும்பப் பாருங்கள்.

ரொறன்ரோவில் இருந்து வருகிறவரைக் கூட்டிவர வான் பிடிக்கும்போது ரிக்கற்றில் உள்ள «+1» என்ற குறியைப் பார்க்கவேண்டும். இறங்குவது மறுநாள் என்று அர்த்தம். கோடையில் வெள்ளி பிற்பகல் 14:30க்குப் புறப்படுகிறார் என்று வைப்போம். டுபாய்க்குப் பன்னிரண்டு மணித்தியாலம் நாற்பது நிமிடம், அங்கே மூன்றரை மணித்தியாலம், பிறகு நான்கு மணித்தியாலம் பத்து நிமிடம். கட்டுநாயக்கவில் இறங்குவது சனி இரவு 20:20. பொதி எடுத்து வெளியே வர 21:30. யாழ்ப்பாணம் வந்து சேர ஞாயிறு விடியப்புறம் ஐந்து, ஐந்தரை. ஞாயிறு காலை முகூர்த்தம் என்றால் முகம் கழுவ மட்டும்தான் நேரம் இருக்கும். கல்யாணத்துக்கு வருகிறவருக்கு வியாழக்கிழமை விமானத்தில் போடுங்கள்.